மலையேறிய கார்களும் தீப்பொறி தேடிய கைகளும்

நுவரெலியாவில் சித்திரை மாதம் வசந்த காலம் எனப் பெயர் பெற்றது. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்பவற்றோடு அம்மாதத்திற்குரிய இன்னொரு விழாவும் உண்டு. நகருக்கு அருகேயுள்ள மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் வளைந்தேறும் பாதையில் நடைபெறும் மோட்டார் மலையேற்றப் போட்டியே அது. 1934ஆம் ஆண்டில் தொடங்கிய அப்போட்டி, ஆசியாவின் மிகப் பழைய மலையேற்றப் போட்டிகளுள் ஒன்றென மதிக்கப்படுகின்றது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறும். ஏறிய நேரத்தைக் கணக்கிடுவர். குறைந்த நேரத்தில் ஏறியவர் வெற்றியாளர் ஆவார்.

இத்தகைய போட்டிகளின் பதிவேடுகளில் காரின் பெயர் இருக்கும். ஓட்டியவரின் பெயர் இருக்கும். பிடித்த நேரமும் இருக்கும். போட்டிக்கு முந்திய இரவில், மூடுபனியிலே, கையில் ஒரு சிறு விளக்கோடு அந்தக் காரின் முன்மூடியைத் திறந்து, "ஏன் இது பற்றவில்லை?" எனத் தேடியவனின் பெயர் இராது. அவன் தேடியது என்ன, எவ்வாறு தேடினான், அந்த அறிவு எங்கிருந்து வந்து எங்கே போயிற்று என்பனவே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலிற் கார்கள் இம்மலைகளுக்கு வந்த காரணத்தை நோக்குவோம். புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. ஆயினும், நிலையத்திலிருந்து தோட்டத்துக்கும், ஒரு பங்களாவிலிருந்து இன்னொரு பங்களாவுக்கும் இடையே பல மைல்கள் இருந்தன. குதிரையும் மாட்டுவண்டியும் செய்த வேலையை இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் ஏற்றுக்கொண்டது. பெரிய துரைமார் அகன்ற கார்களை விரும்பினர். இளைஞரான சின்னத் துரைமார் சிலர், இரண்டு பேர் மாத்திரம் அமரக்கூடிய, கூரையை மடக்கிவிடத்தக்க சிறிய விளையாட்டுக் கார்களில் ஆசை வைத்தனர். இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்டுக்கு அண்மையிலுள்ள அபிங்டனில் உருவான எம்.ஜி. கார்கள் அவற்றுட் புகழ் பெற்றவை. 1945 முதல் 1949 வரை வெளிவந்த எம்.ஜி. டி.சி., 1955 முதல் 1962 வரை வந்த எம்.ஜி.ஏ., 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி. என்பன அவ்வரிசையில் அடங்கும்.

இக்கார்களின் எந்திரம் அபிங்டன் முத்திரையோடு வந்தாலும், அவற்றின் மின்சாரப் பகுதி பெரும்பாலும் பர்மிங்காம் நகரத்து லூக்காஸ் நிறுவனத்தின் ஆக்கமாகும். அதனை நிறுவிய ஜோசப் லூக்காஸ் என்பவர் முதலில் மண்ணெண்ணெயும் வாளிகளும் விற்றவர். பின்னர் கப்பல் விளக்கும் சைக்கிள் விளக்கும் செய்து முன்னேறியவர். அவர் காலஞ்சென்ற 1902ஆம் ஆண்டின் பின் அந்நிறுவனம் டைனமோ, ஸ்டார்ட்டர், காயில் முதலியவற்றைச் செய்து, பிரித்தானியக் கார்களிற் பெரும்பாலானவற்றுக்கு ஒளியும் பொறியும் வழங்கும் நிலையை அடைந்தது. வழியில் நின்றுபோன காரின் அருகே இருட்டில் நின்ற ஆங்கிலேயர், நகைச்சுவையாக அவருக்கு "இருளின் இளவரசன்" என்ற பட்டத்தைச் சூட்டினர்.

அந்தப் பட்டம் நியாயமானதா? அதைத் தீர்மானிக்குமுன், தீப்பொறி எவ்வாறு பிறக்கின்றது என்பதை அறிந்துகொள்வது நலம்.

பெற்றோல் எந்திரம் இயங்குவதற்கு, நெருக்கப்பட்ட பெற்றோல் ஆவியில் உரிய கணத்தில் ஒரு பொறி விழவேண்டும். பற்றரியில் இருப்பதோ 12 வோல்ட். பிளக்கின் சிறிய இடைவெளியைத் தாண்டிப் பாயப் பல்லாயிரம் வோல்ட் வேண்டும். இந்த இடைவெளியை இட்டு நிரப்பும் வழியை 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த மின் தூண்டல் விதி காட்டியது. அதனை மோட்டார் காருக்கு ஏற்ற எளிய ஒழுங்காக அமைத்தவர் அமெரிக்கரான சார்ள்ஸ் கெட்டரிங் ஆவார். 1910ஆம் ஆண்டின் கடிலாக் காரில் அவரது முறை இடம்பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகத்துக் கார்களிற் பெரும்பாலானவை அம்முறையிலேயே இயங்கின.

அதன் இயக்கம் இதுவாகும். காயில் என்ற உருளைக்குள் இரண்டு சுற்றுகள் உள்ளன. ஒன்று தடித்த கம்பியினால் ஆன, சில நூறு சுற்றுகள். மற்றது மயிரிழை போன்ற கம்பியினால் ஆன, பல்லாயிரம் சுற்றுகள். பற்றரியின் மின்னோட்டம் தடித்த சுற்றினூடாகச் சென்று, டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளேயுள்ள பாயிண்ட் எனப்படும் இரு சிறு முனைகள் வழியே உலோகச் சட்டத்தை அடைகின்றது. எந்திரம் சுழலும்போது ஒரு சிறு சில்லு அம்முனைகளைப் பிரிக்கின்றது. பிரிந்த கணத்தில் காந்தப் புலம் சரிகின்றது. மெல்லிய சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுகின்றது. அது டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் சுழலும் கை வழியாக, முறைப்படி ஒவ்வொரு பிளக்குக்கும் பகிரப்படுகின்றது. நான்கு உருளை கொண்ட எந்திரம் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், நிமிடம் ஒன்றுக்கு 6,000 பொறிகள், அதாவது நொடிக்கு 100 பொறிகள் வேண்டும். எம்.ஜி.பி. காரில் அந்த முனைகளிடையே இருக்கவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு வரைதான். ஒரு தடித்த பெயர்ச்சீட்டின் கனம் என்று சொல்லலாம். இத்துணை நுண்ணிய இடத்திற் சிறிது அழுக்கும் சிறிது ஈரமும் சேர்ந்தாற் போதும். மலையேற வேண்டிய கார் வழியிலே நின்றுவிடும்.

அழுக்கும் ஈரமும் நமது மலைநாட்டில் பஞ்சமில்லாதவை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. மாலையில் இறங்கும் மூடுபனி டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலும், பிளக்குக்குச் செல்லும் தடித்த கம்பிகளிலும் நுண்துளிகளாகப் படியும். உயர் மின்னழுத்தம் கொண்ட மின்சாரம் அந்த ஈரத்தையே பாதையாகக் கொண்டு சட்டத்துக்கு ஓடிவிடும். அவ்வாறு ஓடிய இடத்தில், பென்சிலால் கீறியது போன்ற ஒரு கரிக்கோடு மூடியின் உட்புறத்தில் விழும். ஒருமுறை விழுந்தால் ஈரம் உலர்ந்த பின்னும் அக்கோடு மின்சாரத்துக்கு வழிவிட்டுக்கொண்டேயிருக்கும். மேலும், இவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பிலே சரியாக அமைத்த காபுரேட்டர் இங்கே பெற்றோலை மிகையாக ஊட்டும்; பிளக்குகளிற் கரி படியும்; கரி படிந்த பிளக்கிற் பொறி சோர்ந்துவிடும். ஆகவே, இங்கிலாந்தின் சமவெளியில் ஒருவாறு ஓடிய கார், இம்மலைகளில் நாள்தோறும் தேர்வுக்கு உட்பட்டது. பழுதுகளிற் பல, உற்பத்தியாளரின் குற்றத்தினால் அன்றி, துருப்பிடித்த இணைப்பினாலும் தளர்ந்த ஆணியினாலும் முதுமையினாலும் நேர்ந்தவை. ஆதலால் லூக்காசுக்கு அளித்த பட்டம் முழுவதும் நீதியானதன்று.

இனி, தேடிய கைகளிடம் வருவோம்.

துரைமாரிற் சிலர் தம் கார்களைத் தாமே பிரித்துப் பூட்டக் கற்றிருந்தனர் என்பதை மறுக்கலாகாது. ஆனால் நாள்தோறும் அவற்றைத் துடைத்தும் தள்ளியும் பழுதுபார்த்தும் வந்தவர்கள் தோட்டத்து டிரைவர்களும் கிளீனர்களும், தொழிற்சாலை எந்திரங்களைக் கவனித்தவர்களும், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய ஊர்களின் கராஜ்களில் வேலை செய்தவர்களுமே. அவர்களுள் லயங்களிற் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர். சிங்களத் தொழிலாளரும் இருந்தனர். தோட்டப் பாடசாலையில் ஒரு சில வகுப்புகளோடு படிப்பை முடித்தவர்கள் இப்பணிக்கு வந்தனர். காரோடு வந்த கைந்நூல் ஆங்கிலத்தில் இருந்தது. அவர்கள் கற்றதோ கண்ணாலும் காதாலும் விரலாலும்.

கற்றதனை ஒழுங்கற்ற அறிவென்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் பின்பற்றிய முறையை நான் பலமுறை அருகிருந்து பார்த்திருக்கிறேன். அது அளவையியல் பாடம் போன்றது. மின்சாரம் செல்லும் வழியை முதலிலிருந்து இறுதிவரை ஒவ்வொரு வாயிலாகச் சோதித்துச் செல்வதே அதன் சாரம்.

முதலிற் பற்றரி. முன்விளக்கை எரியவிட்டு ஸ்டார்ட்டரை இயக்குவார்கள். விளக்கு முற்றாக மங்கினால், பற்றரியோ அதன் இணைப்போ குற்றவாளி. பழைய எம்.ஜி.பி. கார்களில் ஆசனங்களின் பின்னே, கண்ணுக்கு எட்டாத இடத்தில், இரண்டு 6 வோல்ட் பற்றரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மறைவிலுள்ளதை மனிதர் மறப்பது இயல்பாதலால், அங்கே பூத்த உப்பையும் துருவையுமே முதலில் துடைப்பர்.

அடுத்தது காது. இக்கார்களிற் பெற்றோலை இழுத்துத் தருவது மின்சாரத்தால் இயங்கும் ஒரு பம்பு. சாவியைத் திருப்பியவுடன் அது "டிக், டிக்" என ஒலித்துப் பின் அடங்கவேண்டும். ஒலியே இல்லையாயின், மின்சாரம் அங்கு வரவில்லை, அல்லது பம்பினுள்ளே இருக்கும் முனைகள் தேய்ந்துவிட்டன. இடைவிடாது ஒலித்தால், பெற்றோல் இல்லை அல்லது எங்கோ காற்றுப் புகுகின்றது. பொறியின் குற்றமென்று எண்ணி மணிக்கணக்காகத் தேடுவோரை, இந்த ஓர் ஒலி நேர்வழிக்குத் திருப்பிவிடும்.

மூன்றாவது, ஒரு சிறு மின்குமிழ். அதன் ஒரு கம்பியைச் சட்டத்தில் மாட்டி, மறு கம்பியால் காயிலின் முனைகளைத் தொடுவார்கள். சாவி வழியாக மின்சாரம் வந்து சேரும் முனையிற் குமிழ் எரியவேண்டும். பாயிண்டுக்குச் செல்லும் மறு முனையில், எந்திரத்தைச் சுழற்றும்போது குமிழ் எரிந்து எரிந்து அணையவேண்டும். எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை அல்லது அழுக்கடைந்துள்ளது. எரியாமலே இருந்தால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ ஒரு கம்பி உரிந்து சட்டத்தைத் தொடுகின்றது.

நான்காவது, பொறியின் நிறம். காயிலின் நடுக்கம்பியை எந்திரத்தின் உலோகத்திலிருந்து கால் அங்குலம் விலக்கிப் பிடித்துச் சுழற்றினால், நீல நிறப் பொறி சடசடவென்று பாயவேண்டும். மஞ்சளாய் மெலிந்து விழுந்தால் காயில் அல்லது கண்டென்சர் சோர்ந்துவிட்டது. குளிர்ந்த நிலையில் நன்றாக இயங்கி, கினிகத்தேனை ஏற்றத்தில் சூடேறியதும் நின்று, அரைமணி நேரம் ஆறிய பின் மறுபடி புறப்படும் கார்களில் இவ்விரண்டின்மீதே முதலில் ஐயுறுவர். பாயிண்டின் முகம் கருகி நீலம் பாரித்திருந்தால் கண்டென்சரே குற்றவாளி என்பது அவர்களின் துணிபு.

இறுதியாக மூடியும் பிளக்கும். இருட்டிலே முன்மூடியைத் திறந்து எந்திரத்தை ஓடவிட்டால், ஈரத்தில் ஒழுகும் மின்சாரம் நீலக் கோடுகளாகக் கம்பிகளின்மேல் ஓடுவதைக் காணலாம். பகலிற் காணாத குற்றத்தை இரவு காட்டிக்கொடுக்கும். அத்தகைய மூடியைத் தேயிலை உலர்த்தும் எந்திரத்தின் சூட்டருகே வைத்துக் காயவைத்துப் பூட்டுவதுண்டு என்று முதியவர்கள் சொல்வார்கள்.

இந்த அறிவின் ஆழத்தை எனக்கு உணர்த்திய ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் 1960களின் எம்.ஜி. கார் ஒன்று வந்தது. சமதரையில் அது நன்றாக ஓடும். ஏற்றத்தில் மாத்திரம் இருமித் தடுமாறும். சொந்தக்காரர் பிளக், காபுரேட்டர் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டார். மாணவனும் இரண்டு நாள் தேடிக் களைத்திருந்தான். நான் சென்ற மாலையில், அவனுடைய தந்தையார், தோட்டத்து டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு பெட்டியில் அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எந்திரத்தின் ஒலியைச் சிறிது நேரம் கேட்டவர், "தம்பி, இந்த வண்டிக்கு யாராவது ரேடியோ பூட்டினாங்களா?" என்று வினவினார். "ஆமாப்பா, போன வருசம் பூட்டினதாச் சொன்னாங்க" என்றான் மகன். "அப்ப பற்றரியைத் திருப்பி வச்சிருப்பாங்க. காயிலைத் திருப்பினாங்களான்னு பாரு" என்றார் கிழவர்.

அவர் சொன்னதன் பொருள் இது. 1930களின் நடுப்பகுதி தொடங்கி 1960களின் நடுப்பகுதி வரையிற் பிரித்தானியக் கார்களிற் பெரும்பாலானவை பற்றரியின் நேர் முனையைச் சட்டத்தோடு இணைத்தன. எம்.ஜி.பி. காரில் இவ்வழக்கம் 1967 வரை நீடித்தது. பிற்காலத்து ரேடியோக்களோ எதிர் முனையே சட்டத்தில் இருக்கவேண்டும் எனக் கோருபவை. ஆகவே பற்றரியைத் திருப்பிவிடுவர். திருப்பினால் காயிலின் இரு கம்பிகளையும் இடம் மாற்றவேண்டும். மாற்றாவிடில் பொறி தலைகீழான திசையிற் பாய முயலும். பிளக்கின் சூடான நடுமுனையிலிருந்து எளிதிற் புறப்படும் பொறி, குளிர்ந்த வெளிமுனையிலிருந்து புறப்படுவதற்குக் கூடுதலான மின்னழுத்தம் வேண்டும். சமதரையில் அது ஒருவாறு கிடைத்துவிடும்; ஏற்றத்தில் எந்திரம் சுமை தாங்கி உருளைக்குள் அமுக்கம் கூடும்போது கிடைக்காது. மகன் இரு கம்பிகளையும் இடம் மாற்றினான். கார் ஏறிற்று.

"எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டேன். "படிக்க எங்கேங்க வாத்தியாரையா? எங்க அண்ணன் சொல்லிக் குடுத்தாரு. அவரு அறுபத்தொன்பதுல கப்பலேறிப் போயிட்டாரு" என்றார். கம்பிகளின் நிறங்களுக்கும் அவரிடம் தமிழ்ப் பெயர்கள் இருந்தன. லூக்காஸ் முறையில் பற்றரியிலிருந்து நேரே வரும் கபில நிறக் கம்பி, சாவி வழியே வரும் வெள்ளைக் கம்பி, சட்டத்தோடு இணையும் கறுப்புக் கம்பி ஆகியவற்றை அவர் "உயிர்க் கம்பி", "சாவிக் கம்பி", "மண் கம்பி" என்று சொன்னார். ஆங்கிலக் கைந்நூலின் ஒரு பக்கம் முழுவதும் அம்மூன்று சொற்களில் அடங்கியிருந்தது.

"அண்ணன் கப்பலேறிப் போனார்" என்ற அந்த ஒரு வாக்கியத்தில் மலைநாட்டு வரலாற்றின் ஒரு பெரும் பகுதி அடங்கியுள்ளது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்பாடு சரிபாதியாகப் பங்கிட்டது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல்கள் சென்றன. கொழுந்து பறித்த கைகளோடு, காயிலும் பாயிண்டும் அறிந்த கைகளும் சென்றன. அண்ணன் ஒரு கரையிலும் தம்பி மறு கரையிலுமாக, குருவும் மாணவனும் பிரிந்தனர்.

அதே காலத்திலேதான் அந்த அறிவு இந்நாட்டுக்கு மிகத் தேவையாயிருந்தது என்பதையும் எண்ணவேண்டும். அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 1960களின் தொடக்கத்தில் மோட்டார் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதிய கார் என்பது அரிய பொருள். உதிரிப் பாகமும் அவ்வாறே. இடையில், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமார் ஊர் திரும்பினர். அவர்கள் விட்டுச்சென்ற கார்கள் கைமாறி ஓடிக்கொண்டேயிருந்தன. தேய்ந்த பாயிண்டை அரத்தால் தேய்த்துத் தீட்டியும், வேறொரு வண்டியின் கண்டென்சரைப் பொருத்தியும் அவற்றை ஓடவைத்தவர்கள், தாம் எந்நாட்டுக் குடிமக்கள் என்பதே தீராத நிலையில் வாழ்ந்தவர்கள். இந்த முரண்பாட்டை வரலாறு இன்னும் உரக்கச் சொல்லவில்லை. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

வரலாறு சில வேளைகளில் மீண்டும் அதே வாயிலிற் வந்து நிற்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. அவ்வைந்தாண்டுகளிலும் பழைய வண்டிகளைக் காத்தது பழுதுபார்ப்போரின் பொறுமையே. இன்றைய கார்களில் பாயிண்டும் கண்டென்சரும் இல்லை. கணினியை இணைத்தால் குற்றத்தின் எண் திரையில் தோன்றும். அதனைக் குறைகூறுவதற்கில்லை. எனினும், முதலிலிருந்து இறுதிவரை வழியைப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு வாயிலிலும் "இங்கே வந்ததா?" எனக் கேட்கும் பழக்கம் காரோடு முடிந்துபோவதன்று. அறிவியற் பாடத்துக்கும் வரலாற்றுப் பாடத்துக்கும் அதுவே அடிப்படை.

நேயர்களே, ஒரு வேண்டுகோளோடு முடிக்க விரும்புகிறேன். தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் ஏக்கர்க் கணக்கையும் இறாத்தற் கணக்கையும் எழுதிவைத்துள்ளனர். பங்களாக்களின் படங்களும் பந்தயக் கிண்ணங்களும் பாதுகாக்கப்படுகின்றன. அவை இருக்கட்டும். உங்கள் ஊரில் ஒரு முதிய டிரைவரோ மெக்கானிக்கோ இருப்பாராயின், ஒரு மாலையில் அவரருகே அமருங்கள். அவர் கம்பிகளுக்கு இட்ட பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். யாரிடம் கற்றார், கற்றுத்தந்தவர் எங்கே போனார் என்று கேளுங்கள். என் மாணவனின் தந்தையார் சென்ற ஆண்டு காலமானார். அவர் சொன்னவற்றுள் நான் எழுதிவைத்தவை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் பதினோரு பக்கங்கள் மாத்திரமே. இன்னும் கேட்டிருக்கலாம், நாளைக்கு ஆகட்டும் என்று இருந்துவிட்டேன்.